இசைமேதை மாலரைக் கொன்ற இதய வால்வு தொற்று: கர்ப்பிணிகளுக்கு இன்றும் ஏன் ஆபத்து?

1911 பிப்ரவரி 21. நியூயார்க் கார்னகி ஹால். காய்ச்சலோடு மேடையேறி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார் குஸ்தாவ் மாலர். வயது 50. அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி.

யார் இந்த மாலர்?

1860-ல் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் குடியரசில் பிறந்தவர். அப்பா சாராயக் கடை நடத்தியவர். 1897-ல் வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநரானார். வேலை நெருக்கடியில், கோடை விடுமுறையில்தான் சிம்பொனி எழுதவே நேரம் கிடைத்தது.

அம்மா மரீக்கு இதய நோய் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த உடம்போடு 14 பிள்ளைகள் பெற்றார். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். நல்ல இதயத்துக்கே அது பெரிய வேலை!

1907 ஜூலையில் மாலரின் நான்கு வயது மகள் மரியா தொற்றுநோயில் இறந்தாள். சில நாட்களில் டாக்டர் மாலரையும் பரிசோதித்தார். இதய வால்வில் கோளாறு. சிறுவயது ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு. மலையேற்றம், நீச்சல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஓபராவை விட்டு அமெரிக்கா போனவர், அங்கேயும் ஓயவில்லை.

ரத்தத்தில் தெரிந்த விடை

தழும்பு விழுந்த வால்வில், ரத்தத்தில் கலக்கும் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். இதுதான் எண்டோகார்டைடிஸ். மாலருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மவுண்ட் சினாய் மருத்துவமனையின் டாக்டர் லிப்மன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வைத்தார். சில நாட்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. நோய் என்னன்னு தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை. பெனிசிலின் வர இன்னும் முப்பது வருடம் இருந்தது.

இன்றைக்கு முதல் அடி அதே ரத்தக் கல்ச்சர்தான். வால்வு கோளாறு உள்ள கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் கிருமி கல்ச்சரில் சிக்காமல் போகலாம். எக்கோ ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்குப் பயமில்லை. பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் நரம்பு வழியாக மருந்து. பெனிசிலின் வகைகளைக் கர்ப்பத்தில் கொடுக்கலாம். ஜென்டமைசின் சிசுவின் காதைப் பாதிக்கக்கூடும் என்பதால் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

கஷ்டமான முடிவு ஆபரேஷன்தான். வால்வு கிழிந்து இதயம் செயலிழக்கத் தொடங்கினால் தள்ளிப்போட முடியாது. ஆனால், ஆபரேஷனின்போது ஓடும் இதய-நுரையீரல் இயந்திரத்தால் சிசுவின் உயிருக்கே ஆபத்து வரலாம். வெளியே பிழைக்கும் அளவுக்குக் குழந்தை வளர்ந்திருந்தால், முதலில் பிரசவம், பிறகு வால்வு என்று முடிவெடுப்பதும் உண்டு. அதனால்தான் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி முக்கியம்.

மாலருக்கு இந்த வாய்ப்பு எதுவுமே இல்லை. ஒளிக்காமல் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். ஊருக்கே திரும்ப முடிவெடுத்தார். வழியில் பாரிஸில் கொடுத்த சீரம் சிகிச்சை பலிக்கவில்லை. 1911 மே 18-ல் வியன்னாவில் இறந்தார். கிரின்சிங் கல்லறையில், மகளின் குழியிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய ஒன்பதாவது சிம்பொனி அடுத்த ஆண்டு ஜூனில்தான் முதல்முறையாக மேடையேறியது.