சகோதரர்களைப் பறிகொடுத்தவர் தேடிய மருந்து

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், மஹரகமவுக்குப் பஸ் ஏறும்போதே உம்மாவின் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: பிள்ளை தப்புமா? அந்தக் கேள்விக்கு நம்பிக்கையான பதில் கிடைக்க வழிசெய்தவர்களில் ஒருவர், கடலுக்கு அக்கரையில் சென்னையில் மருத்துவம் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். குடல் சத்தை உறிஞ்சாமல் உடம்பை உருக்கும் ஸ்ப்ரூ நோய் அவரது சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது. அவரையும் அது தாக்கியது, உயிர் தப்பினார். கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்தையும் இழந்தார். மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றவர் ஊர் திரும்பவேயில்லை. வைத்தியசாலையில் இரவு வேலை செய்தபடி ஹார்வர்டில் படித்தார்.

1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவரது குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகையை அது போக்கியது. நமது கர்ப்பிணித் தாய்மார் இன்று விழுங்கும் மாத்திரையும் அதுதான்.

என்புமச்சையில் பிறழ்ந்த வெண்கலங்கள் பெருகவும் அதே அமிலம் தேவைப்பட்டது. பொஸ்டனில் வைத்தியர் சிட்னி ஃபார்பர் இதைக் கவனித்தார். அமிலத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்தது. 1948இல் வெளியான அறிக்கையின்படி, 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியது. ஆனால் அது சில மாதங்களுக்குத்தான். நோய் திரும்பி வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

அந்த 10 பிள்ளைகள் சொல்லிச் சென்ற பாடம் பெரிது. நோய் அடங்குவது வேறு, குணமாவது வேறு. அதை உணர்ந்தே பின்வந்தவர்கள் பல மருந்துகளைச் சேர்த்து, நீண்டகாலம் கொடுக்கத் தொடங்கினர். அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் அவற்றில் ஒன்று. வசதியுள்ள நாடுகளில் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் இப்போது பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர்.

எல்லா என்புமச்சை நோய்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. மச்சை வற்றும் நோய்க்குச் சிகிச்சையும் வேறு, முடிவும் வேறு. ஆகவே எந்த வகை, எந்தக் கட்டம், சிகிச்சை எவ்வளவு காலம் என்று வைத்தியரிடம் கேட்டறிவது நமது உரிமை. பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியதும், பஸ் செலவையும் தூரத்தையும் எண்ணி இரண்டு, மூன்று வருடச் சிகிச்சையை இடையில் விட்டுவிட வேண்டாம். இடையில் விட்டால் அடங்கிய நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.