வில்ஹெல்ம் மேபாக்

உலகிற்கு அரும்பொருள் கண்டு உதவியோர் பலர். அவருள் சிலர் பெயர் நாடறிய விளங்கும். சிலர் பெயரோ, அவர்தம் நண்பர் புகழின் நிழலிலே மறைந்து நிற்கும். கோபுரத்தின் கலசத்தைக் கண்டு மகிழ்வோர், அதனைத் தாங்கும் அடித்தளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் வண்டியின் வரலாற்றில் அவ்வாறு அடித்தளமாய் அமைந்தவர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியப் பொறியறிஞர் ஆவர்.

மேபாக் 1846ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் ஹைல்பிரோன் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழில் செய்து வாழ்ந்தவர். எட்டாம் வயதில் தாயை இழந்த அச்சிறுவர், பத்தாம் வயதில் தந்தையையும் இழந்தார். ராய்ட்லிங்கன் நகரில் குஸ்டாவ் வெர்னர் என்னும் சமயத் தொண்டர், ஆதரவற்றோர்க்கு ஓர் இல்லம் நடத்தி வந்தார். அவ்வில்லம் மேபாக்கை ஏற்றுக்கொண்டது. அங்கே உணவும் உடையும் மட்டுமன்றித் தொழிலும் கற்பிக்கப்பட்டது. சிறுவரின் கூர்த்த அறிவைக் கண்ட வெர்னர், அவரைப் பொறி வரைபடம் வரையும் பகுதியில் பயிற்றுவித்தார். நகரப் பள்ளியிலும் கணிதமும் இயற்பியலும் கற்க வழி செய்தார். தக்க காலத்தில் கிடைத்த இவ்வுதவியே மேபாக்கின் வாழ்விற்கு வித்தாயிற்று.

அவ்வில்லத்தின் தொழிற்கூடத்திற்குத் தலைவராய் வந்தவர் காட்லீப் டெய்ம்லர். மேபாக்கினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். இளைஞரின் திறத்தைக் கண்டு அவரைத் தமக்குத் துணையாகக் கொண்டார். அன்று தொடங்கிய நட்பு டெய்ம்லரின் இறுதி நாள்வரை நீடித்தது. டெய்ம்லர் கார்ல்ஸ்ரூ நகர்க்குச் சென்றபோது மேபாக்கும் உடன் சென்றார். 1872இல் டெய்ம்லர் டாய்ட்ஸ் நகரின் எஞ்சின் தொழிற்சாலைக்குச் சென்றார். மேபாக்கும் அங்கே வரைபடப் பகுதியின் தலைவரானார். டெய்ம்லர் எண்ணுவார், மேபாக் அவ்வெண்ணத்திற்கு உருக்கொடுப்பார்.

1882இல் இருவரும் கான்ஸ்டாட் என்னும் ஊரில் குடியேறினர். டெய்ம்லரின் வீட்டுத் தோட்டத்திலிருந்த கண்ணாடிக் கூடமே அவர்களது ஆய்வுச் சாலையாயிற்று. இரவும் பகலும் அங்கே உலோக ஒலி எழுவதைக் கேட்டுத் தோட்டக்காரர் ஐயுற்றாராம். கள்ள நாணயம் அடிக்கின்றனர் என்று காவலர்க்கு அறிவித்தாராம். காவலர் வந்து நோக்கியபோது கண்டவை எஞ்சின்களும் கருவிகளுமே என்று கூறுவர். அக்காலத்து எஞ்சின்கள் பருத்தவை; நிமிடத்திற்கு இருநூறு சுழற்சிக்கும் குறைவாகவே சுழன்றன. இவ்விருவரும் அமைத்ததோ, சிறியதாய் நிமிடத்திற்கு அறுநூறு முறை சுழல வல்லதாய் இருந்தது. 1885இல் அத்தகைய எஞ்சின் ஒன்றை மரத்தாலான ஈருருளி வண்டியில் பொருத்தி ஓட்டினர். இன்றைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னோடி அதுவே.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. பெட்ரோல் தனித்து நின்று எஞ்சினை இயக்காது. காற்றோடு உரிய அளவில் கலந்தே எரிதல் வேண்டும். எடையால் நோக்கின், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை எழும். குறைந்தால் எஞ்சின் தளர்ந்து நின்றுவிடும். இவ்விரண்டையும் கலக்கும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர். தொடக்கத்தில் அமைந்த கார்புரேட்டரில், பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தி, அதிலிருந்து எழும் ஆவியைக் கொண்டனர். ஆவியோ வெயிலில் மிகும், குளிரில் குறையும்.

இதனை நீக்க மேபாக் முயன்ற காலம் அவர்க்கு நற்காலம் அன்று. 1890இல் டெய்ம்லர் பெயரால் ஒரு கூட்டு நிறுவனம் தோன்றியது. அதில் பணம் இட்டோர்க்கும் அறிஞர் இருவர்க்கும் கருத்து ஒவ்வவில்லை. தமக்கு நேரிய ஒப்பந்தம் கிடைக்காமையால் 1891இல் மேபாக் வெளியேறினார். பின்னர், டெய்ம்லர் அளித்த பொருளுதவியைக் கொண்டு, ஒரு விடுதிக் கட்டடத்தில் சில தொழிலாளரோடு ஆய்வைத் தொடர்ந்தார். அங்கேதான் 1893இல் தூவல் கார்புரேட்டர் உருவாயிற்று.

மாணவர்களே, அதன் அமைப்பை எண்ணிப் பாருங்கள். எஞ்சினின் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்று செல்லும் வழியில் நுண்துளை உடைய சிறு குழாய் ஒன்று நிற்கிறது. காற்று விரைந்து பாயுமிடத்தில் அழுத்தம் குறைதலால், குழாயினின்று பெட்ரோல் நுண்திவலைகளாய்ச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. பக்கத்துக் கலத்திலுள்ள மிதவை, பெட்ரோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் காக்கிறது. எஞ்சின் மிகுதியாய் இழுத்தால் மிகுதியாய்ப் பெட்ரோல் வரும். குறைவாய் இழுத்தால் குறைவாய் வரும். ஏவுவார் இன்றி இயற்கை விதியே அளந்து ஊட்டுகிறது!

1895இல் அறிஞர் இருவரும் நிறுவனத்திற்கு மீண்டனர். 1900ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டெய்ம்லர் காலமானார். நண்பரைப் பிரிந்த துயரத்திடையிலும் மேபாக், எமில் எல்லினெக் என்னும் வணிகர் வேண்டியபடி 35 குதிரைத்திறன் உடைய புதிய கார் ஒன்றை வகுத்தார். அதற்கு அவ்வணிகரின் மகள் பெயரால் மெர்சிடிஸ் என்று பெயரிட்டனர். 1901இல் பிரான்சின் நீஸ் நகரப் போட்டிகளில் அது வாகை சூடியது. பிரெஞ்சு மக்கள் மேபாக்கை வண்டி வடிப்போர்க்கு அரசர் எனப் போற்றினர். ஆனால், நிறுவனத்துள் அவர்க்குரிய மதிப்பு நாளடைவில் குன்றியது. 1907இல் அவர் விலகினார். விலகியும் சோர்ந்தாரில்லை, தம் மகன் கார்லுடன் சேர்ந்து செப்பலின் வானக்கப்பல்களுக்கு எஞ்சின் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1929ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இயற்கை எய்தினார். கான்ஸ்டாட்டில் டெய்ம்லர் துயிலும் இடுகாட்டிலேயே அவரும் துயில்கின்றார்.

மேபாக் வகுத்த நெறியில் அமைந்த கார்புரேட்டர் ஏறத்தாழ நூறாண்டு கோலோச்சியது. எனினும் அதற்கும் குறைகள் உண்டு. மேடு பள்ளங்களிலும் சேற்றிலும் செல்லும் நான்கு சக்கரச் சிறு வண்டிகளில் அக்குறைகள் தெளிவாகப் புலப்பட்டன. வண்டி செங்குத்தான சரிவில் சாயின் மிதவைக் கலமும் சாயும். பெட்ரோல் மிகையாகவோ குறைவாகவோ செல்லும். உயர்ந்த மலையில் காற்று மெலிதலால் கலவையில் பெட்ரோல் மிகும். கடுங்குளிரில் எஞ்சின் எளிதில் இயங்காது. ஆதலின் இக்காலத்தில் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பரவியுள்ளது. அதில் உணர் கருவிகள் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அறிவிக்க, சிறு கணிப்பொறி கணக்கிட்டு, அளவான பெட்ரோலைத் தூவச் செய்கிறது. இதனால் எரிபொருள் மிச்சமாகும். நச்சுப் புகை குறையும். எனினும் இம்முறைக்கு மின்சாரமும் மின்விசைப் பம்பும் வேண்டும். பழுது நேரின் சிறப்புக் கருவி கொண்டே ஆராய்தல் வேண்டும். கார்புரேட்டரையோ ஒரு திருப்புளி கொண்டு வழியிலேயே செப்பம் செய்யலாம். ஆகவே எளிய சிறு எஞ்சின்கள் சிலவற்றில் அஃது இன்றும் பயன்படுகிறது.

கருவி மாறினும் மேபாக் ஆராய்ந்த வினா மாறவில்லை. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் என்பதே அன்றும் இன்றும் வினா. அன்று மிதவையும் துளையும் விடை கூறின. இன்று கணிப்பொறி கூறுகிறது. பெற்றோரை இழந்து பிறர் ஆதரவில் வளர்ந்த ஒருவர், கற்ற கல்வியாலும் தளராத உழைப்பாலும் உலகின் சக்கரங்களை விரைந்து சுழலச் செய்தார். தம் பெயர் பின்னிற்பினும் தம் பணி முன்னிற்க வேண்டும் என உழைத்த அப்பெரியாரின் வாழ்க்கை, நாம் போற்றிப் பின்பற்றத்தக்கது ஆகும்.