ஜெய்சங்கரின் 'பாண்ட்' படங்களுக்குப் பாதை போட்டவர்: யார் இந்த சேலம் டி.ஆர்.சுந்தரம்?

கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனா திரையில் பறக்கும்! கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் துப்பறியும் படங்கள் ரசிகர்களை இப்படித்தான் சீட் நுனிக்கு இழுத்தன. தமிழில் ஜெய்சங்கரை 'ஜேம்ஸ்பாண்ட்' ஆக்கிய 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) படங்களைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை உருவாக்கியவர் டி.ஆர்.சுந்தரம்.

தறியிலிருந்து திரைக்கு

1907-ல் திருச்செங்கோட்டில் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவரை சினிமா இழுத்தது. 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மில் நடத்துற மாதிரியே ஸ்டுடியோவை நடத்தினார். நேரம் தவறக்கூடாது, யாரா இருந்தாலும் சரி. எல்லோருக்கும் அவர் 'முதலாளி'தான். நூறுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன.

தந்திரக் காட்சிகள் எப்படி எடுத்தாங்க?

1940-ல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்தார். அன்றைய முறைப்படி, லென்ஸின் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பாதியில் இன்னொரு வேடம். நடுவில் கேமரா துளி அசைந்தாலும் மொத்தக் காட்சியும் காலி.

1950-ல் 'திகம்பர சாமியார்' வந்தது. நம்பியார் வேஷம் மாற்றி மாற்றித் துப்பறிந்தார். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்.

பறக்கும் காரின் ரகசியம்

அந்தக் காலத்தில் உலகமெங்கும் கார் காட்சிகளுக்கு இரண்டு வழிகள் கைகொடுத்தன. ஒன்று, நிற்கும் காருக்குப் பின்னால் திரை கட்டி, முன்பே எடுத்த சாலைக் காட்சியை ஓட்டுவது. ஆட்கள் காரை ஆட்டுவார்கள். இன்னொன்று, நொடிக்கு 24 பிரேமுக்குக் குறைவாகப் படம்பிடிப்பது. திரையில் ஓட்டினால் மெதுவான கார்கூட சீறும். இரண்டுக்கும் பணத்தைவிட ஒழுங்கு முக்கியம். சுந்தரம் விட்டுப்போன சொத்து அதுதான்.

பார்க்காமல் போன அலை

முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ' லண்டனில் வெளியானது 1962 அக்டோபரில். ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1963 ஆகஸ்ட் 30-ல் 56 வயதில் சுந்தரம் காலமானார். தமிழில் அந்த அலை அடித்தபோது மகன் ராமசுந்தரம்தான் நிறுவனத்தை நடத்தினார்.

இன்று ஸ்டுடியோ இல்லை. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் மிச்சம்.