பெர்ஸிவல் லோவெல்

வானநூலிற் பட்டம் பெறாது, தம் ஆர்வமும் பொருளுமே துணையாக அத்துறையிற் புகுந்து உலகறியப் பெயர் பெற்றோர் சிலருள் அமெரிக்கராகிய பெர்ஸிவல் லோவெல் ஒருவர். செவ்வாய்க் கிரகத்தின் முகத்தைப் புகைப்படத்திற் பிடிக்க அன்னார் எடுத்த முயற்சியையே யாம் ஈண்டுச் சிறப்பாகக் கூறப் புகுந்தோம்.

இவர் 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் நாள் பாஸ்டன் நகரில் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். ஹார்வர்டில் கணிதம் பயின்று 1876இல் தேறினார். பின்னர் ஜப்பான், கொரியா நாடுகளிற் பலகால் தங்கி, அந்நாட்டாரைப் பற்றி நூல்கள் இயற்றினார். அவை நிற்க.

1877இல் இத்தாலியராகிய ஸ்கியாபரெல்லி என்பார் செவ்வாயின்மீது நீண்ட கோடுகள் பல கண்டு, அவற்றிற்குக் கானாலி என்று பெயரிட்டார். இயற்கையான நீரோடைக்கும் வெட்டிய காலுக்கும் அச்சொல் பொது. ஆங்கிலத்தாரோ வெட்டிய வாய்க்கால் என்னும் பொருளிலேயே அதனை வழங்கலாயினர். வாய்க்கால் உண்டெனின், வெட்டியவரும் உளராதல் வேண்டுமன்றோ? சொல்லாராய்ச்சி பயனற்றதென எம்மை நகையாடும் விஞ்ஞான மாணவ நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக!

லோவெல் அக்கோடுகளில் உள்ளம் பறிகொடுத்தார். 1894இல் அரிஸோனாவிலுள்ள பிளாக்ஸ்டாப் என்னும் ஊரில், 7,000 அடிக்கு மேற்பட்ட குன்றின்மீது, தம் செல்வத்தைக் கொண்டே வானாராய்ச்சிக் கூடம் ஒன்று நிறுவினார். ஈராண்டு கழித்து 24 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி ஆங்கு வந்தது. செவ்வாய் வறண்டுவரும் உலகம் என்றும், துருவப் பனி உருகிய நீரை அறிவுடைய உயிர்கள் வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்ச்சுகின்றன என்றும் அவர் எழுதினார். கண்ட கோடுகளைக் கையால் வரைந்தும் காட்டினார். கண் மயக்கமே அஃது என்றனர் எதிர்ப்போர். கைச்சித்திரம் பொய்க்கலாம்; புகைப்படத் தகடு பொய்க்குமோ? ஆதலின் அதனையே சான்றாக நிறுத்தத் துணிந்தார்.

அஃது எளிய செயலன்று. நம் தலைமேலுள்ள காற்று ஓயாது அலைதலின் கிரகத்தின் வடிவமும் நடுங்கும். காற்று அடங்கிய இமைப்பொழுதைக் கண் பற்றிக்கொள்ளும்; தகடோ ஒளி பதியுங்காறும் நேர்ந்த நடுக்கம் முழுவதையும் ஒருங்கே பதித்துக் குழப்பிவிடும். லோவெலின் துணைவர் லாம்ப்லண்ட், மஞ்சள் நிறக் கண்ணாடியை இடையிட்டும், வில்லையின் வாயைச் சுருக்கியும், ஒரே தகட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்தும் முயன்று, 1905ஆம் ஆண்டு மே மாதத்தில் வெற்றி கண்டார். படம் ஒவ்வொன்றும் மிளகளவே இருந்தது. 1907இல் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிற்கு ஒரு குழுவினர் சென்று, பதினாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களுடன் மீண்டனர்.

ஆயினும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. மூலப்படத்திற் கோடுகள் உள என்றார் லோவெல். இல என்றனர் வேறு சிலர். அச்சிலேற்றியபோது நுண்ணிய குறிகள் யாவும் மறைந்தன. படங்களைத் திருத்தித் தெளிவாக்கி வெளியிடலாம் என்று பத்திரிகையாளர் கூறியபோது, லோவெல் அதற்கு இசைந்திலர். தம் கொள்கைக்கே ஆக்கமாகக்கூடிய திருத்தத்தை மறுத்த இச்செயல் ஒன்றே அவர்தம் நேர்மைக்குப் போதிய சான்று என்பது எம் கருத்து. கண்டதை அவர் மறைத்திலர். காண விழைந்ததையும் கண்டுவிட்டார், அவ்வளவே.

1909இல் அந்தோனியாதி என்பார் பிரான்ஸிலுள்ள மெதோன் நகரத்துப் பெருந் தொலைநோக்கியால் நோக்கியபோது, கோடுகள் சிதறி ஒழுங்கற்ற புள்ளிகளும் கறைகளுமாயின. 1965இல் மாரினர் 4 என்னும் விண்கலமும், 1971 முதல் செவ்வாயைச் சுற்றி வந்த மாரினர் 9 என்னும் கலமும் அணுகி எடுத்த படங்களில் குழிகளும், மலைகளும், நீர் வற்றிய பழந் தடங்களும் தோன்றின. வெட்டிய வாய்க்கால் ஒன்றேனும் இல்லை.

லோவெல் தம் இறுதி ஆண்டுகளில் நெப்டியூனுக்கு அப்பாலும் ஒரு கிரகம் உண்டெனக் கணித்துத் தேடினார். அது காணாமலே 1916ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் காலமாகி, அக்குன்றிலேயே அடக்கமாயினார். 1930இல் கிளைட் டோம்பா என்னும் இளைஞர் அதே கூடத்தில் தகடுகளை ஒப்புநோக்கிப் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். லோவெல் கணித்த நிறை அதற்கு இல்லை. 2006இல் அது கிரக வரிசையினின்றும் நீக்கவும்பட்டது. ஆயின், 1915ஆம் ஆண்டில், லோவெல் உயிரோடிருந்தபோதே, அவர் கூடத்தில் எடுத்த தகடுகளிலும் அச்சிறு புள்ளி பதிந்திருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. அன்று அதனைக் கண்டார் ஒருவரும் இலர்.