அருவியும் தங்கவயலும்
(சர் கு. சேஷாத்திரி ஐயர் வாழ்க்கை வரலாறு)

கருநாடகத்தில் சிவசமுத்திரம் என்னும் இடத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து, ககனச்சுக்கி, பரச்சுக்கி என்னும் இரண்டு அருவிகளாகப் பாறைகளின்மீது வீழ்கிறது. அங்கிருந்து வடகிழக்கே வெகு தொலைவில் கோலார் தங்கவயல் உள்ளது. சென்ற நூற்றாண்டு பிறப்பதற்குமுன் இவ்விரண்டு இடங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அருவியருகே அளவற்ற ஆற்றல் இருந்தது. அதனை வேண்டுவோர் இல்லை. தங்கவயலில் வேண்டுவோர் இருந்தனர், ஆற்றல் இல்லை. இவ்விரண்டையும் ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று துணிந்தவர், அப்போது மைசூர் அரசின் திவானாக, அதாவது முதலமைச்சராக, விளங்கிய சேஷாத்திரி ஐயர்.

அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பாலக்காட்டையடுத்த குமாரபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கோழிக்கோட்டில் வழக்கறிஞர். கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்ற சேஷாத்திரி ஐயர், 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். வீட்டில் தமிழ், சுற்றிலும் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம், பணிபுரிந்த நாட்டில் கன்னடம் என நான்கு மொழிகளுக்கிடையே அவர் வாழ்வு நடந்தது. பிற மாநிலங்களில் வளரும் உங்களுக்கு இந்நிலை புதிதன்று.

1883இல் திவான் ரங்காச்சார்லு மறைந்தபோது அப்பதவி சேஷாத்திரி ஐயருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. பதினெட்டு ஆண்டுகள் அவர் திவானாக இருந்தார். இருப்புப் பாதைகள், பாசனப் பணிகள், பெங்களூருக்கு ஹெசரகட்டா ஏரியிலிருந்து குடிநீர் ஆகியன அவர் காலத்தில் அமைந்தன. 1894இல் மன்னர் சாமராச உடையார் இளம் வயதிலேயே காலமானார். இளவரசர் சிறுவராக இருந்தமையால், அரசியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நாட்டின் அன்றாட நிருவாகம் திவானின் தோளில் மேலும் அழுந்தியது.

அவரை எல்லோரும் போற்றினர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. உயர் பதவிகள் சென்னையிலிருந்து வந்தோர்க்கே செல்கின்றன என்று மைசூர் மக்களிடையே மனக்குறை இருந்தது. அந்நாளில் கல்வியில் முந்தியோர் சென்னை மாகாணத்தில் மிகுதி என்பது ஒருபுறம் இருக்க, சொந்த மண்ணில் தமக்கு இடம் இல்லையே என்று வருந்தியோரின் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. இக்குறைக்கிடையேதான் திவான் பெரும் பொருட்செலவுள்ள ஒரு புதிய முயற்சிக்கு அரசின் பணத்தை ஒதுக்கத் துணிந்தார் என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். முயற்சி தோற்றிருப்பின், பழி முழுவதும் அவர்மேல் விழுந்திருக்கும்.

கோலார் தங்கவயலில் அப்போது சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டிருந்தன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் பல்லாயிரவர் அங்கு உழைத்தனர். பாறையை நொறுக்கவும், ஊறும் நீரை இறைக்கவும், ஆட்களையும் கற்களையும் மேலேற்றவும், நிலத்தடியில் காற்றைச் செலுத்தவும் பொறிகள் தேவை. அவை யாவும் நீராவியால் இயங்கின. நீராவிக்கு விறகு வேண்டும். அல்லது தொலைவிலிருந்து இரயிலில் வரும் நிலக்கரி வேண்டும். சுரங்கம் ஆழமாக ஆழமாக எரிபொருட் செலவும் ஏறியது.

காவிரி அருவியைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்னும் திட்டத்தை வகுத்தவர், மைசூர் அரசில் பணியாற்றிய பொறியாளர் ஜோலி த லோட்பினியர். அருவி நீரைக் குழாய்கள் வழியே நூறு மீட்டருக்கும் கீழே பாயவிட்டால், அது சுழலியின் அலகுகளை மோதிச் சுழற்றும். சுழலியோடு பிணைந்த மின்னியற்றியும் உடன் சுழலும். கம்பிச்சுருளும் காந்தமும் ஒன்றையொன்று கடந்து அசையும்போது கம்பியில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இலேயே கண்டறிந்திருந்தார். ஆகவே மின்சாரத்தை ஆக்குவது புதிரன்று. டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897இலேயே ஒரு சிறிய நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. சிவசமுத்திரமே ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று சில நூல்களில் காணப்படுவது சரியன்று.

புதிரெல்லாம் தொலைவில்தான் இருந்தது. அருவிக்கும் சுரங்கத்துக்கும் இடையே மின்தடத்தின் நீளம் 147 கிலோமீட்டர். அமெரிக்காவில் நயாகரா அருவியின் மின்சாரம் 1896இல் பஃபலோ நகரை எட்டியபோது உலகமே வியந்தது; அத்தொலைவு இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தொலைவு ஏன் தடையாகிறது? கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது கம்பி சூடேறுகிறது. அந்த வெப்பம் வழியிலேயே வீணாகும் ஆற்றல். கம்பி நீள நீள இழப்பும் பெருகும். மேலும், மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். எனவே மின்னோட்டத்தைக் குறைப்பதே வழி. ஆனால் சுரங்கத்துக்குச் சேரவேண்டிய திறன் குறையக்கூடாதே! திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றை அதே அளவு கூட்டிவிடலாம். சிவசமுத்திரத்தில் மின்சாரம் 2,200 வோல்ட் அழுத்தத்தில் பிறந்தது. மின்மாற்றி அதனை 35,000 வோல்ட்டாக உயர்த்தியது. அழுத்தம் ஏறத்தாழ 16 மடங்கு ஏறியதால், மின்னோட்டம் 16இல் ஒரு பங்காயிற்று. 16ஐ 16ஆல் பெருக்கிப் பாருங்கள்: அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 256இல் ஒரு பங்காகச் சுருங்கியது.

மின்மாற்றி என்பது ஓர் இரும்புச் சட்டத்தில் சுற்றப்பட்ட இரண்டு கம்பிச்சுருள்களே. ஒன்றில் சுற்றுகள் குறைவு, மற்றொன்றில் மிகுதி. நொடிக்குப் பலமுறை திசைமாறும் மின்னோட்டத்துக்கே அது பயன்படும். தடத்தின் மறுமுனையில், கோலாரில், அதே கருவியைத் தலைகீழாக அமைத்து அழுத்தத்தைத் தாழ்த்தி, பொறிகளுக்குப் பகிர்ந்தளித்தனர். ஆக்குதல், கடத்துதல், பகிர்தல் என்னும் மூன்றும் ஒரே திட்டத்தில் அமைந்தன. இன்று உங்கள் வீட்டு விளக்கு எரிவதும் இம்முறையில்தான். தெருமுனையில் கம்பத்தின்மேல் இருக்கும் மின்மாற்றியைப் பார்த்திருப்பீர்கள்.

திவான் பொறியாளர் அல்லர், சட்டம் பயின்றவர். கணக்கும் கருவியும் லோட்பினியருக்கு உரியன. ஆனால் பொறியியல் அறிவு மட்டும் ஓர் அருவியைச் சுரங்கத்தோடு சேர்த்துவிடாது. மின்சாரத்தை விளைத்துக் களஞ்சியத்தில் குவித்து வைக்க இயலாது; வாங்குவோர் மறுமுனையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆகவே சுரங்க நிறுவனங்களோடு உடன்பாடு காண வேண்டியிருந்தது. அரசின் முதலைத் துணிந்து ஈடுபடுத்த அரசியாரின் இசைவு வேண்டியிருந்தது. காவிரி கீழே சென்னை மாகாணத்துள் பாய்ந்து தஞ்சை வயல்களுக்கு ஊட்டும் ஆறு. அதன் நீர் குறித்து மைசூருக்கும் சென்னைக்கும் 1892இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டதும் இவர் காலத்திலேதான். மின்னாக்கம் நீரைக் குடிப்பதில்லை. சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்கிறது. இதனால் இத்திட்டம் உழவரின் பங்கில் கைவைக்கவில்லை.

லோட்பினியர் கடல்கடந்து சென்று அங்குள்ள மின்நிலையங்களை ஆராய்ந்து வந்தார். மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்திடமிருந்தும் வந்தன. ஒவ்வொன்றும் 720 கிலோவாட் திறனுடைய ஆறு மின்னியற்றிகள். கப்பலில் வந்த கனத்த இரும்புப் பொறிகளைக் காட்டுவழியே அருவிக்கரைக்குக் கொண்டுசேர்த்தது அக்காலத்தில் ஒரு தனிப் போராட்டம்.

பணி நடந்துகொண்டிருக்கும்போதே சேஷாத்திரி ஐயரின் உடல்நலம் குன்றியது. 1901ஆம் ஆண்டில் அவர் பதவியை விட்டு விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார். வயது ஐம்பத்தாறு. அப்போது ககனச்சுக்கியின் நீர் இன்னும் சுழலிகளைத் தொடவில்லை.

ஒன்பது திங்கள் கழிந்தன. 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காவிரியின் ஆற்றல் 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அது அன்று கருதப்பட்டது. மூன்றாண்டுகளில், 1905இல், அதே அருவியின் மின்சாரம் பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றியது. தேவை பெருகியது, கோடையிலோ ஆற்றில் நீர் சுருங்கியது. சுழலிகளுக்கு ஆண்டு முழுதும் நீர் கிடைக்க வேண்டும் என்பதும், 1911இல் கண்ணம்பாடியில் அணைகட்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம்.

பெங்களூரில் சேஷாத்திரிபுரம் என்னும் பகுதி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கப்பன் பூங்காவில், அவர் நினைவாக எழுப்பிய செந்நிற மண்டபத்தின் முன் அவருடைய சிலை நிற்கிறது. மண்டபம் இப்போது பொது நூலகம். முதல் மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கிய தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சிவசமுத்திரத்திலோ, சுரங்கம் மூடிய பின்னும் சுழலிகள் சுழன்றன.