டீசல் என்னும் மனிதர்



அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் எதிரே லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் ஏறியதும் சில திண்டிவனம் பக்கமும் சில திருவண்ணாமலை பக்கமும் புறப்படும். அவற்றுக்கு ஊற்றும் எண்ணெயை டீசல் என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா நாட்டவர். தந்தையார் தோல் பொருள்கள் செய்து விற்றுவந்தார். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட நேர்ந்தது. அங்கே வறுமை. பன்னிரண்டு வயது ருடால்ஃபைத் தனியாக ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவ்வீட்டுத் தலைவர் கணித ஆசிரியர். அது பையனின் நற்பேறு. பின்னர் மியூனிக் நகரில் பொறியியல் பயின்றார். டைபாய்டு காய்ச்சலால் 1879-ல் தேர்வு எழுத இயலாமல் போயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் எழுதி மிகச் சிறப்பாகத் தேறினார்.

அவருடைய பேராசிரியர் குளிர்சாதன இயந்திரம் கண்ட கார்ல் ஃபான் லிண்டே. நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி எஞ்சின் வேலையாக மாற்றுவதில்லை என்று வகுப்பில் கேட்ட செய்தி மாணவர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். காற்றை இன்னும் பன்மடங்கு இறுக்கினால், தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சூடாகும். இதுவே டீசலின் கருத்து. 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. சிலிண்டரின் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க, இண்டிகேட்டர் என்னும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அழுத்தம் ஏற ஏறச் சிறு பென்சில் ஒன்று காகிதத்தில் கோடு வரைந்து காட்டும். எண்ணெயைச் செலுத்தினார்கள். ஒரே வெடி! இண்டிகேட்டர் சிதறி, துண்டுகள் டீசலின் தலையை ஒட்டிப் பறந்தன. அழுத்தம் காற்று மண்டலத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கை எட்டியிருந்தது. கருவி உடைந்தது, ஆனால் எண்ணெய் தானே பற்றும் என்பது உறுதியாயிற்று. உயிர் தப்பியதைவிட அதற்காகத்தான் அவர் மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை அந்த எஞ்சினை வெளியிலிருந்து ஒரு பெல்ட்தான் சுழற்றியது. 1894 பிப்ரவரி 17-ஆம் நாள் அந்த பெல்ட் தொய்வதைத் தொழிலாளி ஒருவர் கவனித்தார். எஞ்சின் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது! ஒரு நிமிடந்தான் ஓடிற்று. சரியாக மூன்றாண்டு கழித்து, 1897-ல் அதே பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய எஞ்சினை அளந்து பார்த்தார். எண்ணெயின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. உலகம் வியந்தது, பணம் குவிந்தது.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இத்தகைய எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. நம் ஊர் மணிலாக் கொட்டையின் எண்ணெயேதான்! செஞ்சிப் பெண்களாகிய நாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆயினும் அவருடைய வாழ்வு இனிதாக இல்லை. ஓயாத உழைப்பாலும் வழக்குகளாலும் நரம்புத் தளர்ச்சி கண்டு, 1898-ல் மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது. பெரிய மாளிகை கட்டினார்; முதலீடுகள் நட்டத்தில் முடிந்தன. எஞ்சினுக்குள் நடப்பதைக் கோடு கோடாக வரைந்து பார்த்தவர், தம் கடன் ஏறுவதை உரிய காலத்தில் பார்க்கத் தவறிவிட்டார். 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். காலையில் அறை காலியாக இருந்தது. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடலைக் கண்டவர்கள் எடுத்துவந்த பொருள்களைப் பார்த்து, அவை தந்தையாருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.

டீசல் லாரியை அவர் பார்க்கவில்லை. அது 1923, 1924 ஆண்டுகளில்தான் ஜெர்மனியில் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்ற டர்போ இன்று ஏறத்தாழ எல்லா லாரியிலும் உண்டு. வீணாய்ப் போகும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது. பலம் கூடுகிறது; சூடும் கூடுகிறது. ஆகவே ஓட்டுநர் முன் மூன்று மீட்டர்கள் இருப்பது நல்லது.

முதலாவது, டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம். 1849-ல் பாரிஸ்காரர் பூர்டோன் கண்ட வளைகுழாய் இதற்கு உதவுகிறது. திருவிழாவில் ஊதினால் நீளும் காகித ஊதல் போல, அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், ஊசி நகரும். இரண்டாவது ஆயில் அழுத்தம். எஞ்சின் ஆயில்தான் டர்போவின் அச்சையும் காக்கிறது. இதற்கு மின்கம்பி வழியே காட்டும் மீட்டரே நல்லது; குழாய் வெடித்தால் கொதிக்கும் ஆயில் ஓட்டுநர்மேல் பாயாது.

மூன்றாவது, புகையின் சூடு. இரு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்த முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-ல் ஸீபெக் கண்டார். அத்தகைய முனையை, புகை டர்போவுக்குள் நுழையுமுன் உள்ள குழாயில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். டர்போவைத் தாண்டி வைத்தால் சூடு குறைவாகக் காட்டி ஏமாற்றும். துளையிடுகையில் இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் டர்போவின் இறக்கை பாழாகும். ஆதலால் துளைக்கருவியின் நுனியில் கிரீஸ் தடவி, மெல்லத் துளைத்துத் துடைப்பார்கள். அவசரக்கார மெக்கானிக்குக்கு இந்த வேலை ஆகாது.

மீட்டர் வைத்தவுடன் எல்லாம் தெரிந்துவிடாது. நல்ல நாளில் ஊசி எங்கே நிற்கிறது என்று சில வாரம் பார்த்துவைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் புரியும். முழு லோடுடன் சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறுகிறது லாரி. புகையின் சூடு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸை நெருங்கி அங்கேயே நின்றால், பல எஞ்சின்களுக்கு அது ஆபத்து. அனுபவமுள்ள ஓட்டுநர் ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் கீழ் கியருக்கு மாறுவார். பார்க்காதவருக்குப் பிஸ்டன் உருகலாம். லாரி தவணை கட்டும் குடும்பத்துக்கு அது பல மாதச் சோறு.

செஞ்சி கூட்டு ரோட்டில் வந்து நின்ற லாரி சிறிது நேரம் உறுமிக்கொண்டே இருப்பதையும் கேட்டிருப்பீர்கள். டீசல் வீணாகிறதே என்று நானும் நினைத்ததுண்டு. ஓட்டுநர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டர்போ ஆறி, ஊசி இறங்கியதும் சாவியைத் திருப்பிவிட்டு டீ குடிக்க இறங்குகிறார்.