இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) சுத்த சன்மார்க்க நெறியை நிறுவிய துறவியும் புலவரும் ஆவார். வள்ளலார் எனவும் அழைக்கப்படுகிறார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் மகனாகப் பிறந்து, சென்னையில் வளர்ந்தார். 1865 இல் சன்மார்க்க சங்கத்தையும், 1867 இல் வடலூரில் பசித்தோருக்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையையும் தொடங்கினார்.

அருட்பா – மருட்பா விவாதம்

1867 இல் இவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் இவர்தம் பாடல்களைத் திருவருட்பா எனப் பெயரிட்டு, திருமுறைகளாக வகுத்துப் பதிப்பித்தார். தேவாரம் முதலிய சைவத் திருமுறைகளே அருட்பா எனக் கருதிய யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் இப்பெயரை ஏற்கவில்லை. 1869 இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அவ்வாண்டே பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் விவாதம் ஓயவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை மறுப்பாகவும், மறைமலை அடிகள், செய்குத்தம்பிப் பாவலர் ஆகியோர் ஆதரவாகவும் வாதிட்டனர்.

தனி நெறி

தொடக்கத்தில் முருகனையும் சிவனையும் பாடிய அடிகள், பிற்காலத்தில் சாதி சமய வேறுபாடுகளை மறுத்து அருட்பெருஞ்சோதி வழிபாட்டை வலியுறுத்தினார். அதற்கென 1872 இல் வடலூரில் சத்திய ஞான சபையை அமைத்தார். இக்கருத்துகள் மிகுந்த ஆறாம் திருமுறை, அவர் மறைவுக்குப் பின் 1885 இல் வெளிவந்தது. சன்மார்க்கம் சைவத்தின் கிளையா, தனி நெறியா என்னும் வினாவிற்கு இதுவே அடிப்படையாயிற்று.

1874 இல் மேட்டுக்குப்பத்தில் அறையினுள் சென்று தாழிட்டுக்கொண்ட அடிகள், சோதியில் கலந்ததாக அன்பர்கள் நம்புகின்றனர்.